பிள்ளையின் இரத்தத்தில் ஈஸ்ட் புகுந்தது விதியால் அல்ல, கையால்

 

நீளமான பதிவு. நேரமிருக்கும்போது முழுவதும் வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டு கொமென்டில் சண்டைக்கு வரவேண்டாம்.

இந்த வாரம் நம் பகுதி வட்சப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஆஸ்பத்திரியில பிழையான ஊசி போட்டு பிள்ளைய கொன்னுட்டாங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று. அதற்குக் கீழேயே இன்னொரு கூட்டம்: "அதன் ஆயுள் அவ்வளவுதான், பேசிப் பயனில்லை." ஒருவர் தாதியை அடிக்கக் கிளம்புகிறார், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். இரண்டு பேருமே ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் தப்புகிறீர்கள்.

அந்தப் பிள்ளையின் அக்கா எங்கள் பாடசாலையில் படிக்கிறாள். ஏழாம் மாதத்தில், ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய நிறையில் பிறந்த தம்பி. பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்குக் கிட்ட இருந்தான். தாய்க்குச் சிங்களம் ஓடாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் "இன்பெக்ஷன்" என்ற ஒரு சொல் மட்டும். மையத்து அடக்கி நான்கு நாள் கழித்து அந்தக் குடும்பம் என்னிடம் அட்டையைக் கொண்டுவந்தது. அதில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது: இரத்தப் பரிசோதனையில் கன்டிடா. அதாவது ஈஸ்ட். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதமாட்டேன், கேட்கவும் வேண்டாம். இது ஒரு ஆஸ்பத்திரியின் கதை இல்லை.

நான் வைத்தியர் இல்லை. கலாசாலையில் பயிற்சி முடித்து விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கவைக்கக்கூடிய விஷயத்தை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விளங்கவைக்க முடியாதா என்ற கோபத்தில்தான் எழுதுகிறேன்.

ஈஸ்ட் என்றால் என்ன?

பாண் மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட். கித்துள் பாணியைப் புளிக்கவைப்பதும் ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு. அதில் பல இனம் உண்டு. கன்டிடா என்ற இனம் நம் எல்லோருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் இருக்கிறது. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் அப்பியதுபோல் வெள்ளை படர்வதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். சுகமாக இருப்பவர்களுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை.

பாதிப்பு எங்கே வருகிறது? அது இரத்தத்துக்குள் போகும்போது. ஈஸ்ட் சும்மா இரத்தத்துக்குள் போகாது. அதற்கு ஒரு கதவு வேண்டும், எதிர்க்க ஆளில்லாத வீடு வேண்டும். குறைமாதக் குழந்தையின் தோல் ஈரக் கடதாசி மாதிரி. நோயெதிர்ப்பு இன்னும் முளைக்கவில்லை. பால் குடிக்க முடியாததால் நரம்பு வழியாக உணவு போகிறது, மூச்சுக்குக் குழாய், மருந்துக்குக் குழாய். அந்தப் பிளாஸ்டிக் குழாய்தான் கதவு. ஈஸ்ட் அதன் உள்பக்கத்தில் பாசி போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு மருந்து கொடுத்தாலும் இலகுவில் போகாது. பல நேரம் குழாயையே கழற்றவேண்டி வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்டிபயோடிக் பக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்டை ஒன்றும் செய்யாது. குடலில் ஈஸ்டை அடக்கிவைத்திருப்பதே நல்ல பக்டீரியாக்கள்தான். பலமான அன்டிபயோடிக்கை நாள்கணக்கில் ஏற்றினால் அந்தக் காவல்காரர்கள் சாவார்கள், ஈஸ்ட் பெருகும். புல்லுக்கு மருந்தடித்த மலையில் வேறொரு களை பரவுவதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

இது சின்ன நோய் இல்லை. அமெரிக்காவில் 1000 கிராமுக்குக் குறைந்த நிறையில் பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. கன்டிடா உடலுக்குள் புகுந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு இறந்தார்கள். அதே நிறையில் பிறந்து கன்டிடா வராதவர்களில் ஏழில் ஒரு பங்கு. இவ்வளவு வசதியுள்ள நாட்டில் இந்த நிலைமை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் மனிதருக்கு ஆபத்தான 19 பங்கசுகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அதன் உச்ச வரிசையில் இருக்கும் நான்கில் இரண்டு, கன்டிடா வகைகள்.

சண்டிகரில் நடந்தது

"சின்னப் பிள்ளை, நிறை குறைவு, என்ன செய்ய" என்று தோளைக் குலுக்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

இந்தியாவில் சண்டிகர் நகரத்தில் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அந்த நாட்டின் முதல்வரிசை ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அதன் குழந்தைகள் பிரிவில் 1996 ஏப்ரல் முதல் 1998 பெப்ரவரி வரை, 23 மாதம், ஒரு ஈஸ்ட் பிள்ளைகளின் இரத்தத்தில் புகுந்துகொண்டே இருந்தது. அதன் பெயர் பிச்சியா அனோமலா. அதிகம் கேள்விப்படாத இனம். 379 பிள்ளைகளுக்குத் தொற்றியது. அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளில் 4.2 வீதம். வார்டில் 25 பிள்ளை இருந்தால் ஒரு பிள்ளைக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்தது? அங்குள்ள நிபுணர்கள் தேடினார்கள். அந்த ஈஸ்ட் ஊழியர்களின் கைகளில் இருந்தது. கைகள்தான் அதைப் பிள்ளைக்குப் பிள்ளை கொண்டுபோயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எப்படி நின்றது? ஊழியர்களுக்குக் கை கழுவுவதைப் பற்றி இயக்கமாகவே நடத்திப் படிப்பித்தார்கள். ஆபத்து அதிகமுள்ள சிசுக்களுக்கு ஈஸ்டைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அடங்கியது. வெளிநாட்டிலிருந்து மெஷின் இறக்கியோ புதுக் கட்டடம் திறந்தோ அடக்கவில்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அவர்கள் அதை மறைக்கவில்லை. எண்ணினார்கள், 379 என்று எழுதினார்கள், 2001இல் உலகம் வாசிக்கும் மருத்துவ சஞ்சிகையில் தங்கள் ஆஸ்பத்திரியின் பெயரோடு வெளியிட்டார்கள். வெட்கம் என்று நினைத்திருந்தால் அடுத்த ஆஸ்பத்திரி படித்திருக்காது.

இந்தத் தொற்றைக் குறைக்கலாம் என்பதற்கு இன்னுமொரு ஆதாரம் அமெரிக்காவில் 322 சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கணக்கு. 1997இல் 750 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 83 பேருக்கு கன்டிடா வந்தது. 2010இல் அது 24 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் தடுப்பு மருந்து கூடியது, தேவையில்லாத பலமான அன்டிபயோடிக் குறைந்தது. விதி என்றால் 83 எப்படி 24 ஆனது? விதியும் அமெரிக்காவுக்குப் போய் மாறிவிட்டதா?

நம் நாட்டுக்கும் பாடம் கிடைத்திருக்கிறது

2005ஆம் ஆண்டு, சுனாமி முடிந்து சில மாதம். சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. காரணம் பங்கசு. இது ஈஸ்ட் அல்ல, பூஞ்சணம் வகை. உயிர் தப்பாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஈரம் ஏறிய களஞ்சியத்தில் கவனமில்லாமல் அடுக்கிவைத்த ஊசிகளும் சிரிஞ்சுகளும்தான் சந்தேகத்துக்கு உள்ளாகின. பெட்டியில் "கிருமி நீக்கப்பட்டது" என்று அச்சடித்திருந்தால் போதாது. பெட்டி எங்கே கிடந்தது என்பதும் முக்கியம்.

அதன் பிறகு 2022 வந்தது. கையுறை இல்லை, மருந்து இல்லை என்று ஆஸ்பத்திரிகளே நன்கொடை கேட்ட வருடம். பிறகு தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு விவகாரம். 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதாகும் அளவுக்குப் போனது. வழக்கு வழக்காக நடக்கட்டும். இரத்தத்துக்குள் நேரடியாக ஏற்றும் மருந்தின் சுத்தத்தை நாடாளுமன்றம் முதல் நீதிமன்றம் வரை பேசவேண்டி வந்த நாட்டில் இருந்துகொண்டு, நாம் மட்டும் "ஆயுள் அவ்வளவுதான்" என்று முடித்துவிடலாமா?

ஏன் நம் தோட்டத்துப் பிள்ளைகள்?

ஈஸ்ட் சாதி மதம் பார்க்காது. தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்று பிரிக்காது. ஆனால் நிறை பார்க்கும்.

2016ஆம் ஆண்டு நாடளாவிய குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 வீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது தாயின் வயிற்றிலேயே தொடங்குகிற கணக்கு. இரத்தசோகையோடு, வயிறு தெரிய ஆரம்பித்த பின்னும் பேர் போகக்கூடாது என்று மலை ஏறும் தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கிறது. நிறை குறைந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடக்கிறது. நீண்ட நாள் கிடந்தால் குழாயும் அன்டிபயோடிக்கும் நீள்கின்றன. ஈஸ்டுக்கு வழி திறக்கிறது. தெரணியகலையிலிருந்தோ, றக்வானையிலிருந்தோ, பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்தோ தாய் திரீவீல் பிடித்து, அம்புலன்ஸ் மாறி பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

ஆகவே தேர்தலுக்குத் தேர்தல் வந்து ரிப்பன் வெட்டிப் போகும் எங்கள் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் உங்கள் பெயர்ப்பலகை வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க்குழாயும் சவர்க்காரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எங்களிடம் பேசுங்கள்.

தாதியை அடிப்பதால் என்ன கிடைக்கும்?

"கைதானே காரணம், அப்போ தாதிதானே குற்றவாளி" என்று சிலர் கிளம்புவீர்கள். நில்லுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையைத் தொடும் முன்னும், தொட்ட பின்னும், குழாயைத் திறக்கும் முன்னும் கை சுத்தம் செய்யவேண்டும். ஒரு தாதி ஒரே இரவில் பல சிசுக்களைத் தனியே பார்த்தால், அடுத்தடுத்து மூன்று மெஷின் கத்தும்போது முதலில் விடுபடுவது கை கழுவுவதுதான். 60 பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒற்றை ஆளாகப் பார்த்த எனக்கு இது விளங்குகிறது. ஆளைக் கூட்டாமல் ஆளைத் திட்டுவது நிர்வாகத்துக்கு வசதி. அந்த வசதியை நாம் செய்துகொடுக்கக்கூடாது. தாதியை அடித்தால் அடுத்த நல்ல தாதி நம் மாவட்டத்துக்கு மாற்றம் கேட்டு வரமாட்டார். அவ்வளவுதான் நடக்கும்.

இப்போது நம் பக்கம்

இங்கேதான் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஒன்று: பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் என்றதும் பாமசிக்கு ஓடி "நல்ல ஸ்ட்ரோங் அன்டிபயோடிக் ஒண்டு தாங்க" என்று கேட்பது யார்? சேலைன் ஏற்றாத டொக்டரை "ஒண்ணும் தெரியாதவர்" என்று சொல்வது யார்? பெரும்பாலான தடிமனுக்கு அன்டிபயோடிக் தேவையே இல்லை.

இரண்டு: சிசுப் பிரிவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வேன் பிடித்துப் போகிறோம். தடுத்தால் சண்டை. பஸ் கம்பியைப் பிடித்த கையாலேயே பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிறோம். முஸ்லிம்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன்: தினமும் ஐந்து நேரம் வுழூ செய்து கையை மணிக்கட்டுக்கு மேலும் கழுவுகிற சமூகம் நாம். பள்ளிக்குள் போக அவ்வளவு கவனம், ஒரு கிலோ அமானிதத்தைத் தொட அந்தக் கவனம் இல்லையா? கைக்கு ஊற்றும் சானிடைசரில் அல்கஹோல் இருக்கிறது என்று தயங்குபவர்கள் உங்கள் ஊர் மௌலவியிடம் கேளுங்கள். அல்லது சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்க அதைச் சாட்டாக்காதீர்கள்.

மூன்று: தஹ்னீக் என்று பேரீச்சம்பழம், சேனை தொடுதல் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், ஓதிய தண்ணீர், விபூதி. இரண்டு பக்கமும் சொல்கிறேன். சுகமாகப் பிறந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு உங்கள் வழக்கத்தை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். தேனை மட்டும் ஒரு வயதுக்கு முன் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு இருக்கும் குறைமாதப் பிள்ளையின் வாயில் எதையும் வைக்காதீர்கள், நெற்றியில் எதையும் பூசாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, இதுதான் அந்தக் கயிறு.

நான்கு: வயிற்றோட்டத்துக்கு "நல்ல கிருமி" என்று பக்கெட்டில் விற்கும் தூள்களில் சிலவற்றில் உயிருள்ள ஈஸ்ட்தான் இருக்கிறது. குழாய் போட்ட நோயாளிகளுக்கும் கடுமையாகச் சுகவீனமுற்றவர்களுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2017இல் எச்சரித்தது. பக்கத்தில் வைத்து உடைத்தாலே தூள் கையில் பட்டு, கையிலிருந்து குழாய்க்குப் போகலாம். வைத்தியர் சொல்லாமல் வார்டுக்குள் எந்தத் தூளையும் கொண்டுபோகாதீர்கள்.

நாம் கேட்கவேண்டியவை

1. சிசுப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், சவர்க்காரம், சானிடைசர். எந்த நாளும்.

2. இரவு நேரத்தில் போதுமான தாதியர். எத்தனை சிசுவுக்கு எத்தனை பேர் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

3. மாவட்டத்திலேயே இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும், எந்த ஈஸ்டுக்கு எந்த மருந்து பிடிக்கும் என்ற விரைவான பதிலும். இந்தப் பரிசோதனையிலேயே நோய் இருந்தும் பாதியளவு பிடிபடாமல் போகும். அதற்கு மேல் தாமதமும் சேர்ந்தால் பிள்ளை எப்படித் தாங்கும்?

4. புளுகொனசோல், அம்போடெரிசின் போன்ற பங்கசு மருந்துகள் கையிருப்பில். "வெளியில் வாங்கி வாங்க" என்று கொழுந்து பறிக்கும் தாயிடம் துண்டு எழுதிக் கொடுக்கக்கூடாது.

5. தமிழில் விளக்கம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பிள்ளைக்கு என்ன நோய் என்று தாய்க்கு அவளுடைய மொழியில் சொல்வது தயவு இல்லை, கடமை.

6. கணக்கு. ஒவ்வொரு வருடமும் எத்தனை பிள்ளைகளின் இரத்தத்தில் ஈஸ்ட் பிடிபட்டது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மாவட்டவாரியாக வெளியிடுங்கள். சண்டிகர் வெளியிட்டது.

ஆறாவதைக் கேட்க அரசியல்வாதி தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரஜையும் எந்த அரச ஆஸ்பத்திரியிடமும் எழுதிக் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி தருவதா இல்லையா என்று பதில் சொல்லவேண்டும். தனிப்பட்ட பிள்ளையின் விபரம் தரமாட்டார்கள், அது சரிதான். மொத்த எண்ணிக்கையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வார்டில் பிள்ளை இருக்கும் தாய் தகப்பனுக்கு நான்கு கேள்வி. மரியாதையாக, சத்தம் போடாமல் கேளுங்கள்: இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா? இந்த அன்டிபயோடிக் எத்தனை நாளைக்கு? இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது? நான் தாய்ப்பால் பீச்சித் தரலாமா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வாயால் பால் கூடக்கூட நரம்பு வழி உணவு குறையும், குழாயும் சீக்கிரம் கழலும்.

"ஆஸ்பத்திரியைப் பகைத்தால் நாளைக்கு நம் பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள்" என்று எனக்கு இன்பொக்ஸில் வரப்போகிறது. கேள்வி கேட்பது பகை இல்லை. வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையை நான் பகையாளியாகப் பார்ப்பதில்லை. சண்டிகரில் 23 மாதம் ஓடிய நோயை அந்த ஆஸ்பத்திரியே எண்ணிப் பார்த்து நிறுத்தியது. எண்ணாத இடத்தில்தான் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

தகவல் கேட்கும் விண்ணப்பத்தைத் தமிழில் தயார் செய்துவிட்டேன். கேகாலை மாவட்டத்துக்கும் இரத்தினபுரி மாவட்டத்துக்கும் தனித்தனியே. கையெழுத்துப் போட விரும்பும் பெற்றோர் மட்டும் கொமென்டில் "நான்" என்று எழுதுங்கள். அந்தக் குரல் பதிவை இன்னும் பரப்பிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதை அழித்துவிட்டு வாருங்கள்.